பழைய கேம், புதிய டிவி: படம் ஏன் கலங்குகிறது?

பரணிலிருந்து பழைய வீடியோ கேம் பெட்டியை இறக்குகிறோம். தூசி தட்டுகிறோம். கேசட்டை ஒருமுறை ஊதுகிறோம். ஊதுவதால் பயனில்லை என்று தெரிந்தும் ஊதுகிறோம். பெரிய டிவியின் பின்னால் மஞ்சள் வயரைச் செருகியதும் படம் வருகிறது. வாசலில் போட்ட கோலத்தின் மேல் யாரோ ஈரத்துணியை இழுத்துவிட்டதைப் போல இருக்கிறது.

அப்போது வீட்டில் இரண்டு தீர்ப்புகள் சொல்லப்படும். “அந்தக் காலத்துப் படமே அவ்வளவுதான், சின்ன வயதில் நமக்குத் தெரியவில்லை” என்பது ஒன்று. “எச்.டி.எம்.ஐ-க்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடும்” என்பது இன்னொன்று. இரண்டாவதை நம்பி, கடைக்காரர் கைகாட்டிய உள்ளங்கையளவு வெள்ளைப் பெட்டி ஒன்றை நான் வாங்கினேன். கலங்கிய படம் கலங்கியபடியே எச்.டி.எம்.ஐ வழியாக வந்து சேர்ந்தது. முன்பைவிடக் கொஞ்சம் அகலமாகவும் இருந்தது.

இரண்டு தீர்ப்புகளும் தவறு. கேம் பெட்டி அன்றும் இன்றும் ஒரே படத்தைத்தான் அனுப்புகிறது. அதைப் புதிய டிவி தவறாக வாசிக்கிறது. எங்கே தவறுகிறது என்று தெரிந்துகொண்டால் எதற்குப் பணம் செலவழிக்கலாம், எதற்குக் கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

வரைந்துகொண்டே இருந்த டிவி

பின்பக்கம் புடைத்த பழைய கனத்த டிவியைச் சி.ஆர்.டி என்பார்கள். அதன் கண்ணாடியின் உட்புறத்தில் ஒளிரும் பூச்சு ஒன்று உண்டு. பின்னாலிருக்கும் குழல் எலக்ட்ரான் கற்றையை அந்தப் பூச்சின் மேல் பாய்ச்சும். கற்றை பட்ட இடம் ஒரு கணம் ஒளிர்ந்து அணையும். இடமிருந்து வலமாக ஒரு வரி, சற்றுக் கீழே இறங்கி அடுத்த வரி என்று, தறியில் ஊடுநூல் ஓடுவது போல அந்தக் கற்றை ஓடிக்கொண்டே இருக்கும். நொடிக்கு ஏறத்தாழ 15,700 வரிகள். முழுப்படம் என்று எதுவும் எந்தக் கணத்திலும் திரையில் இருந்ததில்லை. ஓடும் வரிகளை நம் கண்தான் சேர்த்து முழுமையாக்கிக்கொண்டது.

இன்றைய டிவி வேறு சாதி. எல்.சி.டி ஆனாலும் ஓ.எல்.இ.டி ஆனாலும் அது அசையாத சின்னக் கட்டங்களின் தொகுப்பு. ஒவ்வொரு கட்டத்தையும் பிக்சல் என்கிறோம். முழு எச்.டி டிவியில் மேலிருந்து கீழாக 1080 கட்டங்கள் இருக்கும், 4கே டிவியில் 2160. வரும் படம் எந்த அளவில் இருந்தாலும் இந்தக் கட்டங்களுக்குள் அதை அடைத்தே ஆகவேண்டும். சி.ஆர்.டிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எத்தனை வரி வந்ததோ அத்தனை வரியை வரைந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும்.

இரண்டு தாளில் ஒரு கடிதம்

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இருந்த என்.டி.எஸ்.சி என்ற ஒளிபரப்பு முறையில் ஒரு படத்துக்கு 525 வரிகள். கண்ணுக்குத் தெரிபவை அவற்றில் 480 அளவில்தான். இந்தியாவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் இருந்தது 625 வரிகள் கொண்ட பால் முறை (கறக்கும் பால் அல்ல, முறையின் பெயரே அது). எண்கள்தாம் மாறும், தத்துவம் ஒன்றே. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று இங்கே என்.டி.எஸ்.சி எண்களையே வைத்துக்கொள்கிறேன்.

அத்தனை வரிகளையும் நொடிக்கு அறுபது முறை அனுப்ப அன்றைய அலைவரிசையில் இடமில்லை. அதனால் பொறியாளர்கள் படத்தை இரண்டாகப் பிரித்தார்கள். முதலில் 1, 3, 5 என ஒற்றைப்படை வரிகள், அடுத்த அறுபதில் ஒரு நொடியில் 2, 4, 6 என இரட்டைப்படை வரிகள். ஒரு கடிதத்தின் ஒற்றை வரிகளை ஒரு தாளிலும் இரட்டை வரிகளை இன்னொரு தாளிலும் எழுதி அனுப்புவது போன்றது இது. இந்த அமைப்புக்குப் பின்னல்வரி என்று பெயர் வைத்துக்கொள்வோம். தொழில்நுட்பப் பேச்சில் 480 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் வரும் ‘ஐ’ இதைத்தான் குறிக்கிறது. எல்லா வரிகளும் ஒழுங்காக ஒரே மூச்சில் வந்தால் அது தொடர்வரி. அதற்கு எழுத்து ‘பி’.

புதிய டிவிக்குள் பின்னல் பிரிக்கும் பகுதி ஒன்று இருக்கிறது. இரண்டு தாள்களையும் வாங்கி, வரிக்கு வரி கோர்த்து, ஒரே கடிதமாக்கிக் கட்டங்களில் ஏற்றுவது அதன் வேலை. பழைய ஒளிபரப்புக்கு அது சரியான வேலைதான்.

கேம் பெட்டி செய்த தந்திரம்

1983-ல் ஜப்பானில் வந்த ஃபாமிகாம், 1988-ன் மெகா டிரைவ், 1990-ன் சூப்பர் ஃபாமிகாம் ஆகிய மூன்று கேம் பெட்டிகளும் பெரும்பாலும் 480 வரிகளுக்குப் படம் தயாரிக்காதவை. 1994-ல் வந்த முதல் பிளேஸ்டேஷன்கூடப் பெரும்பாலான கேம்களில் அந்தப் பக்கம் போகவில்லை. இவை ஒரு குறுக்குவழி கண்டன. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பின்னல்வரி முறையில் ஒரு தாளுக்கு 262 வரியும் அரை வரியும் வரும். அந்த அரை வரிதான் அடுத்த தாளைச் சற்றே கீழிறக்கி, முந்தைய வரிகளின் இடைவெளியில் உட்கார வைக்கிறது. கேம் பெட்டி அந்த அரை வரியைக் கழித்துவிட்டு 262 வரிகளை மட்டும் அனுப்பியது. விளைவு, ஒவ்வொரு தாளும் முந்தைய தாள் விழுந்த அதே இடத்தில் விழுந்தது. திரையில் பாதி வரிகளே ஒளிர்ந்தன, ஆனால் நொடிக்கு அறுபது முழுப்படங்கள் கிடைத்தன. கண்ணுக்குத் தெரிவது சுமார் 240 தொடர்வரிகள் என்பதால் இதற்கு 240பி என்று பெயர். சி.ஆர்.டி இதைக் கேள்வி கேட்கவில்லை. கற்றையை ஓட்டச் சொன்ன இடத்தில் ஓட்டியது.

இப்போது அதே சமிக்ஞை புதிய டிவிக்குள் நுழைகிறது. பல டிவிகளுக்கு 240பி என்று ஒன்று உண்டு என்பதே தெரியாது. வருவதெல்லாம் இரண்டு தாள் கடிதம் என்றே அவை எடுத்துக்கொள்கின்றன. ஆனால் இங்கே வருவன இரண்டு முழுக் கடிதங்கள். ஒன்றில் “நலமாக வந்து சேர்ந்தேன்” என்றும், மற்றதில் “நாளை கிளம்புகிறேன்” என்றும் எழுதியிருக்கும். இரண்டையும் வரிக்கு வரி கோர்த்து வாசித்தால் எப்படி இருக்கும்? ஓடும் வீரனின் விளிம்புகள் சீப்புப் பற்களாகப் பிளக்கின்றன, அல்லது குழைந்து மங்குகின்றன.

அடிபட்ட வீரன் சில நொடிகள் கண்சிமிட்டுவானே, அதை நினைத்துப் பாருங்கள். பல கேம்களில் ஒரு படத்தில் அவன் இருப்பான், அடுத்ததில் இருக்கமாட்டான். டிவி இரண்டையும் கோர்த்தால் சிமிட்டல் போய், கம்பிவலைக்குப் பின்னால் நிற்பவனாகத் தெரிவான். சில டிவிகளில் ஆளே காணாமல் போவான். ஃபாமிகாம் ஒரு வரியில் எட்டு நகரும் உருவங்களுக்கு மேல் காட்டாது என்பதால், எதிரிகள் கூடும்போது அவர்களை மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். அந்த ஏற்பாடும் இதே கதிக்கு ஆளாகிறது.

இதுவரை வந்த விஷயத்தைத் திரட்டிச் சொல்வதானால்: பழைய பெட்டி 240 தொடர்வரிகளை அனுப்புகிறது. புதிய டிவி அதை 480 பின்னல்வரிகள் என்று தவறாக எண்ணி, தொடர்பில்லாத இரண்டு படங்களைக் கோர்க்கிறது. நான் வாங்கிய வெள்ளைப் பெட்டியும் உள்ளுக்குள் இதே தவறைத்தான் செய்தது.

தூக்குவாளியும் அடுக்குக் கேரியரும்

இரண்டாவது சிக்கல் வயரில் இருக்கிறது. வண்ணப் படத்தில் இரண்டு செய்திகள் உண்டு. ஓர் இடம் எவ்வளவு வெளிச்சம் என்பது ஒன்று, அங்கே என்ன நிறம் என்பது மற்றொன்று. மஞ்சள் முனை கொண்ட ஒற்றை வயரில் இரண்டும் கலந்தே பயணிக்கின்றன. இதைக் காம்போசிட் என்பார்கள். சாம்பாரையும் தயிரையும் ஒரே தூக்குவாளியில் ஊற்றிக் கொடுத்தனுப்பி, சாப்பிடும் இடத்தில் பிரித்துக்கொள்ளச் சொல்வதைப் போன்றது. எவ்வளவு கெட்டிக்காரர் பிரித்தாலும் தயிரில் கொஞ்சம் மஞ்சள் நிற்கும். நெருக்கமான கோடுகளை டிவி நிறம் என்று தவறாக எண்ணி வானவில் பூசுவதும், சிவப்பு விளிம்புகளில் எறும்பு ஊர்வதைப் போலப் புள்ளிகள் நகர்வதும் இதனால்தான். நம்மில் பலர் சிறுவயதில் செய்ததைப் போல ஆன்டெனா துளை வழியாக இணைத்தால் இன்னும் மோசம். அங்கே இவற்றுடன் ஒலியும் சேர்ந்துகொள்ளும்.

எஸ்-வீடியோ என்பது இரண்டடுக்குக் கேரியர். வெளிச்சம் ஒரு கம்பியிலும் நிறம் இன்னொன்றிலும் போகும். பச்சை, நீலம், சிவப்பு முனைகள் கொண்ட காம்போனென்ட் மூன்றடுக்கு. சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வண்ணங்களையும் கேம் பெட்டியிலிருந்து அப்படியே தனித்தனியாக எடுப்பது ஆர்.ஜி.பி. பழைய பெட்டிகளுக்கு இதுவே உச்சம். ஐரோப்பிய டிவிகளில் ஸ்கார்ட் என்ற பட்டையான பெரிய துளை இருந்ததால் அங்கே பலர் ஆர்.ஜி.பி-யில் விளையாடி வளர்ந்தார்கள். நம் ஊரில் அந்தத் துளையைப் பார்த்தவர்களே குறைவு. ஜப்பானிலும் அதே வடிவில் 21 முனைகள் கொண்ட இணைப்பு உண்டு. வடிவம் ஒன்று, உள்ளே கம்பிகளின் வரிசை வேறு. மாற்றிச் செருகினால் கருவி கெடக்கூடும், எனவே வாங்கும்போது எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் பெட்டியிலிருந்து எது கிடைக்கும் என்பது பெட்டியைப் பொறுத்தது. மெகா டிரைவ், முதல் வடிவ சூப்பர் ஃபாமிகாம், முதல் பிளேஸ்டேஷன் ஆகியவற்றில் சரியான வயர் இருந்தாலே ஆர்.ஜி.பி வந்துவிடும். 1996-ல் வந்த நின்டெண்டோ 64-ல் பெரும்பாலும் எஸ்-வீடியோவோடு நின்றுவிடும். ஃபாமிகாமின் கதை தனி. அதன் படச் சில்லு பிறக்கும்போதே காம்போசிட்டாகப் பிறக்கிறது. சமைக்கும்போதே இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிவிட்டார்கள், பிரித்து அனுப்ப அங்கே எதுவும் இல்லை. நல்ல படம் வேண்டுமென்றால் பெட்டியைத் திறந்து கூடுதல் பலகை பற்றவைக்க வேண்டும். தொடக்கத்தில் இருப்பவர்கள் அதற்கு ஆசைப்பட வேண்டாம் என்பது என் எண்ணம்.

கலப்படத்தையே கலையாக்கியவர்களும் உண்டு. மெகா டிரைவில் 1991-ல் வந்த சோனிக் கேமில் அருவிகள் செங்குத்துக் கோடுகளாக வரையப்பட்டிருக்கும். ஒரு கோடு நீர், ஒரு கோடு வெற்றிடம். காம்போசிட் வயர் அவற்றைக் குழைத்துவிடுவதால், பின்னாலிருக்கும் பாறை நீர் வழியே தெரிவதைப் போல இருக்கும். ஆர்.ஜி.பி-யில் பார்த்தால் அருவி மூங்கில் தட்டியாகிவிடுகிறது. சுத்தம் எப்போதும் அழகு என்று சொல்லிவிட முடியாது.

தரையோடும் நாலரைக் கணக்கும்

படம் சரியாக வாசிக்கப்பட்டு, நல்ல வயரில் வந்தும் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி 240 வரிகளை 1080 கட்டங்களில் பரப்ப வேண்டும். 1080-ஐ 240-ஆல் வகுத்தால் நாலரை. கூடத்துக்குத் தரையோடு பதிக்கும் கொத்தனாரைக் கேளுங்கள். நாலு ஓடு என்றால் பதிப்பார், ஐந்து என்றாலும் பதிப்பார். நாலரை என்றால் ஒவ்வொரு வரிசையிலும் ஓடு ஒன்றைப் பாதியாக வெட்ட வேண்டும். டிவியால் கட்டத்தை வெட்ட முடியாது. அதனால் அக்கம்பக்கத்து வரிகளின் நிறங்களைக் கலந்து பூசி மெழுகுகிறது. படத்தின் மேல் வெண்ணெய் தடவியது போன்ற மென்மை வருவது இங்கிருந்துதான்.

தீர்வு எளிது, முழு எண்ணால் பெருக்கினால் போதும். நாலு மடங்கு என்றால் 960, மேலும் கீழும் கொஞ்சம் கறுப்பு விடலாம். ஐந்து மடங்கு என்றால் 1200, விளிம்புகளில் கொஞ்சம் வெட்டுப்படும். பழைய டிவிகளே விளிம்பை மறைத்தவை என்பதால் பல கேம்களில் அங்கே முக்கியமான எதுவும் இருக்காது. 4கே டிவிக்கு இங்கே ஓர் அதிர்ஷ்டம்: 2160-ஐ 240-ஆல் வகுத்தால் மிச்சமின்றி ஒன்பது.

அகலத்தையும் மறக்கக்கூடாது. அன்றைய திரை நாலுக்கு மூன்று என்ற விகிதம் கொண்டது. சூப்பர் ஃபாமிகாமின் புள்ளி சதுரமல்ல. உயரம் ஏழு பங்கு என்றால் அகலம் எட்டு. இன்றைய அகலத்திரை முழுவதும் இழுத்துப் பார்த்தால் நிலா பூசணிக்காயாகிவிடும். இருபுறமும் கறுப்புப் பட்டை இருப்பதை வீண் என்று நினைத்து இழுத்துவிடாதீர்கள்.

ஆக, சிக்கல்கள் மூன்று: தவறான வாசிப்பு, கலந்த வயர், அரைகுறைப் பெருக்கல். எச்.டி.எம்.ஐ துளை இருப்பதாலேயே இவற்றில் ஒன்றும் தீராது.

செலவில்லாமல் செய்யக்கூடியவை

டிவியின் அமைப்புகளில் ‘கேம் மோட்’ இருந்தால் முதலில் அதைப் போடுங்கள். டிவி படத்தை அழகுபடுத்த எடுத்துக்கொள்ளும் நேரத்தை அது குறைக்கும். பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் வீரன் குதிப்பதற்கும் இடையிலான அந்தத் தாமதம் பழைய கேம்களில் உயிரையே வாங்கும். ஒரு படத்தின் ஆயுள் 16.7 மில்லி நொடிதான். டிவி நாலைந்து படங்களைத் தேக்கி வைத்து ஆராய்ந்தால் பள்ளத்தின் விளிம்பில் குதிக்கவே முடியாது. சிறுவயதில் கடந்த கட்டத்தை இப்போது கடக்க முடியவில்லை என்று வயதின் மேல் பழி போடுவதற்கு முன் இதைப் பாருங்கள். கூர்மையை வெகுவாகக் குறையுங்கள், அது விவரத்தைக் கூட்டாமல் விளிம்புகளைச் சுற்றி வெள்ளைக் கோட்டை மட்டும் வரையும். இரைச்சல் நீக்கம், அசைவை மென்மையாக்குதல் போன்றவற்றை அணைத்துவிடுங்கள்.

நடுவில் உட்காரும் மொழிபெயர்ப்பாளர்

மிச்சத்துக்குப் பணம் வேண்டும். கேம் பெட்டிக்கும் டிவிக்கும் நடுவில், 240பி என்றால் என்னவென்று தெரிந்த கருவி ஒன்று உட்கார வேண்டும். வரும் ஒவ்வொரு வரியையும் அப்படியே இரண்டாகவோ நாலாகவோ ஐந்தாகவோ படியெடுத்து, பின்னல் பிரிக்க முயலாமல் டிவிக்குக் கொடுப்பது அதன் வேலை. இவ்வகையை வரிப்பெருக்கி என்று சொல்லலாம்.

ஓ.எஸ்.எஸ்.சி என்பது திறந்த வடிவமைப்பில் உருவான வரிப்பெருக்கி. அது முழுப்படத்தைச் சேமித்து வைப்பதே இல்லை, வரி வந்ததும் பெருக்கி அனுப்பிவிடும். அதனால் தாமதம் ஏறத்தாழ இல்லை. ஆனால் அது அனுப்பும் வழக்கத்துக்கு மாறான சமிக்ஞையைச் சில டிவிகள் ஏற்காது. காம்போசிட்டுக்கும் எஸ்-வீடியோவுக்கும் அதில் வழியில்லை, ஆர்.ஜி.பி அல்லது காம்போனென்ட் வேண்டும். ரெட்ரோடிங்க் வரிசைக் கருவிகள் இன்னும் எளிதானவை. அவற்றில் 2021-ன் 5எக்ஸ் புரோ மஞ்சள் வயரிலிருந்து ஆர்.ஜி.பி வரை எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். 2023-ல் வந்த 4கே வடிவத்தின் விலைக்கு நல்ல டிவியே வாங்கிவிடலாம். ஒரே ஒரு பழைய பெட்டி வைத்திருப்பவருக்கு அது தேவையில்லை. முதலில் நல்ல வயர், பிறகு எளிய வரிப்பெருக்கி, அதற்கு மேல் ஆசை இருந்தால் மட்டும் மற்றவை. வயரை மாற்றாமல் விலையுயர்ந்த கருவி வாங்குவது, கலங்கிய தண்ணீருக்கு வெள்ளி டம்ளர் வாங்குவதற்குச் சமம்.

முதல் பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர்கள் ஒரு விநோதத்தைச் சந்திப்பார்கள். சில கேம்கள் நடுவழியில் 240பி-யிலிருந்து 480ஐ-க்குத் தாவும். குரோனோ கிராஸ் என்ற கேமில் பட்டியல் திரையைத் திறக்கும்போதெல்லாம் இது நடக்கும். சி.ஆர்.டி இதைக் கண்டுகொள்ளாது. புதிய டிவியோ ஒவ்வொரு தாவலுக்கும் கறுத்துப்போய் மீண்டும் விழிக்கும். கருவி பழுதாகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். 2000-ல் வந்த பிளேஸ்டேஷன் 2-ன் பெரும்பாலான கேம்கள் உண்மையிலேயே 480ஐ. அங்கே பின்னல் பிரிப்பது தேவையான வேலை, ஆகவே காம்போனென்ட் வயரோடு அதை நன்றாகச் செய்யும் கருவியும் வேண்டும்.

கருங்கோடுகள்

இந்தக் கருவிகளில் வரிகளுக்கிடையே கருங்கோடு போடும் வசதி இருக்கும். 240பி-யில் பாதி வரிகள் ஒளிராமலே கிடந்தன என்று பார்த்தோமே, அந்த இருட்டைத் திரும்ப வரையும் ஏற்பாடு அது. சிலருக்கு அது போலி ஏக்கம். நான் மெல்லிதாகப் போட்டுக்கொள்கிற கட்சி. அன்று ஓவியர்கள் தங்கள் வேலையைச் சி.ஆர்.டி திரையில் சரிபார்த்தார்கள். வரிகளின் இருட்டும் ஒளியின் கசிவும் சேர்ந்து, நாலு புள்ளியில் போட்ட முகத்தைக் கண்ணும் மூக்குமாகக் காட்டின. ரம்பப் பல் போன்ற கூர்மையான சதுரங்களை அவர்கள் யாருக்கும் காட்ட நினைக்கவில்லை. கருங்கோடு போட்டால் படம் இருளும், டிவியின் வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

எந்தக் கருவியாலும் தீராதது ஒன்று உண்டு. டக் ஹன்ட் கேமின் துப்பாக்கி புதிய டிவியில் சுடாது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கிக்குள் இருக்கும் ஒளியுணரி அந்தக் கணத்தில் வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். சி.ஆர்.டி கற்றையின் துடிப்புக்கும் அதன் உடனடித்தன்மைக்கும் பழக்கப்பட்டது அந்தத் துப்பாக்கி. புதிய டிவி அந்த வெள்ளைக் கட்டத்தைக் காட்டி முடிப்பதற்குள் துப்பாக்கி பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கும். அந்தக் கேம்தான் வேண்டுமென்றால், தெருமுனைப் பழைய இரும்புக் கடையில் சி.ஆர்.டி ஏதும் மிச்சமிருக்கிறதா என்று விசாரியுங்கள். தூக்க இரண்டு பேர் வேண்டும்.